யாரும் தொடாத பொத்தான்

மென்பொருள் எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வதுதான் என் உத்தியோகம். வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பனி. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் வாடிக்கையாளரோடு கதைக்க வராது. ஆகவே நடுவில் நின்று இரண்டு பக்கத்துத் திட்டையும் வாங்குவதற்கு அருந்ததி என்று ஒருத்தி, நான்.

கொட்டாஞ்சேனைக் கல்யாண மண்டபத்து வேலை போன பங்குனியில் தொடங்கியது. முதலாளி சுந்தரலிங்கம் இருபது வருடமாகத் தடித்த கொப்பிகளில்தான் பதிவு எழுதிவந்தார். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். முதல் நாள் நான் கதிரையில் இருக்க முன்னமே, "எப்ப தருவீங்கள்?" என்று கேட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் பிள்ளை எப்போது பிறக்கும் என்று கேட்பதுபோல் இருந்தது. எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவருக்குத் தெரிந்த தொழிலிலேயே விளக்கினேன்.

"ஐயா, கலியாணம் எப்பிடி நடக்குது? முதல்ல பேச்சு. உங்களுக்கு என்ன வேணுமெண்டு நாங்கள் கேட்டு எழுதுறது அதுதான். பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் தாலிக்குப் பொன்னுருக்கு. நாங்கள் புரோகிராம் எழுதத் தொடங்கிறது அப்பதான். தாலி செய்து முடிஞ்ச உடனே கட்டுவியளோ? சபையில எல்லாரும் தொட்டுப் பார்த்த பிறகுதானே? டெஸ்டிங் எண்டுறது அதுதான். அதை உங்கட ஆக்கள்தான் செய்யவேணும்."

"இப்பதான் பிள்ளை ஒண்டு விளங்குற மாதிரிக் கதைக்குது," என்று சிரித்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அத்தனை சுலபமாக ஒருவருக்கும் விளங்கியதில்லை.

நான்கு மாதத்தில் வேலை முடிந்தது. சோதித்துப் பார்க்க வேண்டிய நாற்பது விஷயங்களை ஒரு தாளில் வரிவரியாக எழுதி, மண்டபத்தில் பதிவு மேசையில் இருக்கும் சுபோதினியிடம் கொடுத்தேன். வத்தளையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண், முப்பது வயதிருக்கும், கேட்டால் மட்டும் பேசுவாள். ஒரு கிழமையில் தாள் திரும்பி வந்தது. நாற்பது வரியிலும் சரி போட்டிருந்தது. சுந்தரலிங்கம் அதைப் பார்த்ததும் ஐயரிடம் போய் வியாழக்கிழமை ஒன்பது பதினான்குக்கு நல்ல நேரம் எடுத்துவிட்டார். அன்றைக்குச் சாமி படம் வைத்து, விளக்கேற்றி, கொப்பியை மூடி அலுமாரியில் வைப்பதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை சும்மா ஒருதடவை கம்ப்யூட்டரில் பதிவுகளைப் புரட்டினேன். சோதனைக்காக அறுபத்திரண்டு கல்யாணம் பதிந்திருந்தார்கள். திகதி மாற்றியிருந்தார்கள், சாப்பாடு கூட்டிக் குறைத்திருந்தார்கள். ரத்து செய்த கல்யாணம் ஒன்றுகூட இல்லை. ரத்துப் பொத்தானை ஒருவரும் தொட்டிருக்கவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புரோகிராம் எழுதின பிரசாந்தையும் அவனுடைய லப்டொப்பையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

"சரி போட்டது நான்தான் மிஸ்," என்றாள் சுபோதினி. "ஆனா அந்தப் பொத்தானை அமத்தேல்ல. ஐயா வேண்டாமெண்டவர்."

சுந்தரலிங்கம் ஒளிக்கவில்லை. "கலியாண மண்டபத்தில இருந்துகொண்டு ஆரும் கலியாணத்தை நிப்பாட்டிப் பாப்பினமோ? நல்ல காரியம் தொடங்க முன்னம் அபசகுனம்."

"பொய்ப்பேர் ஒண்டு போட்டுச் செய்வம் ஐயா."

"பொய்யெண்டாலும் கலியாணம் கலியாணம்தான் தங்கச்சி. அந்த ஒரு வரிதானே, விடுங்கோ."

"விடமாட்டன்," என்றேன். "நாளைக்கு ஏதும் பிழை வந்தா, ஐயா, உங்களையும் கேக்கமாட்டினம், என்னையும் கேக்கமாட்டினம். மேசையில இருக்கிற இந்தப் பிள்ளையைத்தான் பேசுவினம். இவவின்ர வேலைதான் போகும். அந்த வரி பாக்காமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"உங்கட பெரியவரோட நான் கதைக்கிறன்," என்று போனை எடுத்தார். கதைக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ர பேரைப் போடுங்கோ மிஸ்," என்றாள் சுபோதினி.

சுந்தரலிங்கம் போனைக் கீழே வைத்தார். "உனக்கென்ன விசரோ பிள்ளை?"

"இல்லை ஐயா. என்ர கலியாணம் உண்மையாவே நிண்டது. ரெண்டு வருசத்துக்கு முன்னம், இந்த மண்டபத்திலதான் எடுத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு கிழமை இருக்கேக்க வேண்டாமெண்டிட்டினம். அப்பா வந்து சொல்லி, கொப்பியில வெட்டினவை. பூக்காரரின்ர லிஸ்ட்டில வெட்டேல்ல. கலியாணத்துக்கு முதல்நாள் இங்க இருந்து போன் கோல் வந்தது, மணவறைக்கு என்ன நிறத்தில பூ எண்டு. அம்மாதான் எடுத்தவ. மஞ்சள் எண்டு சொல்லிப்போட்டு போனை வச்சவ."

அதற்குப் பிறகு அதே மண்டபத்து மேசைக்கே வேலைக்கு வந்து, ஒரு நாளும் அதைப்பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

அவளுடைய பெயர், அவளுடைய உண்மையான போன் இலக்கம், நாளைய திகதி எல்லாம் போட்டுப் பதிந்தோம். ரத்துப் பொத்தானை நான் அமத்தினேன். நாட்காட்டியில் அந்த நாள் வெறுமையானது.

"பாத்தீங்களா அக்கா, வடிவா வேலை செய்யுது," என்றான் பிரசாந்.

"இன்னும் முடியேல்ல. கலியாணத்துக்கு முதல்நாள் போற நினைவூட்டல் மெசேஜையும் ஓடவிடு," என்றேன்.

ஓடவிட்டான். சுபோதினியின் கையில் இருந்த போன் அடித்தது. அவள் வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள். 'நாளை உங்கள் திருமண நாள். மண்டபம் காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கும். இனிய வாழ்த்துகள்!'

பிரசாந்தின் முகம் செத்துப்போனது. நாட்காட்டியிலிருந்து எடுக்க எழுதியிருந்தான், நினைவூட்டல் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டான். கொப்பியில் நடந்த அதே பிழை.

சுந்தரலிங்கம் போனை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஐயருக்கு அடித்தார். "ஐயா, வியாழன் சரிவராது. வேற நாள் ஒண்டு பாருங்கோ. இல்லை, தீட்டொண்டுமில்லை. பிழை என்ரதான்."

பிரசாந் வீட்டுக்கும் போகாமல் திருத்தினான். புதன்கிழமை பின்னேரம் மறுபடி போனோம். சுபோதினி தன் பெயரைத் தானே பதிந்தாள். சுந்தரலிங்கம் கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் வந்திருந்தார்.

"உனக்குக் கஷ்டமெண்டா விடு பிள்ளை. நான் அமத்துறன்."

"வேண்டாம் ஐயா," என்றாள். "அண்டைக்கு அவையள் நிப்பாட்டினவை. இண்டைக்கு நான்தான் நிப்பாட்டுறன்."

அமத்தினாள். பிரசாந் நினைவூட்டலை ஓடவிட்டான். நாலு பேரும் மேசையில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. ஒன்றும் வரவில்லை. சுந்தரலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுபோதினி தாளை எடுத்துச் சரி போட்டாள். பேனையை மூடவில்லை.

"மற்ற முப்பத்தொன்பதையும் முதலேயிருந்து பாப்பம் மிஸ்," என்றாள். "இந்த முறை உண்மையா."