மூடியிலிருந்த பெயர்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்கு எதிரே, கம்ப்யூட்டர் மெஷினில் மரப்பெட்டி செதுக்குகிறவள் பாஹிமா. சீர்ப்பெட்டிக்குச் சொல்லியிருந்த இளமதி அன்று தனியாக வந்தாள். மூடியில் பூங்கொடிக்கு நடுவே அவள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் இருந்தன.

"கல்யாணம் நின்னுபோச்சுக்கா. பெட்டிய எடுத்துட்டுப் போறேன்."

பாஹிமாவுக்கு மனசு கேட்கவில்லை. "அந்தப் பேரோட ஏம்மா வூட்டுக்கு எடுத்துட்டுப் போற? செத்த உக்காரு."

மாப்பிள்ளை பெயரைக் குடைந்தெடுத்து அங்கே தாமரை வரும்படி கம்ப்யூட்டரில் வரைந்தாள். மூடியை மெஷினில் பொருத்தினாள்.

"பட்டன நான் அமுக்கட்டுமாக்கா?"

பாஹிமா விலகி நின்றாள். கட்டர் சுழன்று இறங்கியது. இளமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர, கடைசி எழுத்து போகும்வரை நகரவில்லை.

"அந்த எடம் மட்டும் கொஞ்சம் பள்ளமா இருக்குது," என்றாள் பாஹிமா, சங்கடத்தோடு.

இளமதி தாமரையை விரலால் தடவினாள். "இருக்கட்டுங்க்கா. பூ நல்லா வந்திருக்குது."