ஆறாவது கிண்ணம்

ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து அண்ணனின் உடலை இறக்கக் கை கொடுக்க வந்த கொழுந்தனை மாமியார் தடுத்துவிட்டாள்.

"நீ தொடாதே. அந்த மிஷினை இந்த வீட்டுக்குக் கொண்டாந்தவன் நீதானே."

அவன் பின்வாங்கிச் சுவரோரம் நின்றான். வாசலில் நின்ற மருமகள், வண்டிக்குள் கிடந்த புருஷனைப் பார்க்கவில்லை. கொழுந்தனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசல் பட்டறை வீட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் 'நாளைக்கு' என்பதால், கடைத்தெருவில் அவள் புருஷனுக்கு 'நாளைக்கு' என்றே பெயர். சென்ற வருஷம் தம்பி, கடைசலில் மரத்தைப் பிடிக்க வேக்குவம் சக் என்ற மிஷினை வாங்கி வந்தான். பம்ப் காற்றை உறிஞ்ச, கவிழ்த்து வைத்த கிண்ணம் வேறு பிடியே இல்லாமல் சக்கோடு ஒட்டிக்கொண்டு சுழலும். அடிப்பாகத்தையும் தழும்பில்லாமல் கடைந்துவிடலாம். காய்ந்த மரத்துக்கு அவர் அதை மெச்சித்தான் பயன்படுத்தினார். பச்சை மரத்தை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோக மாட்டார். ஈர மரத்தின் துளைகளில் காற்று கசியும், மயிரிழை வெடிப்பு விட்டாலும் பிடி போய்விடும் என்பார்.

புது வீட்டுக்குப் போகும் தன் தங்கைக்கு ஆறு மரக்கிண்ணம் தருவதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஐந்து முடிந்துவிட்டன. ஆறாவதில் ஈரம் இருக்கிறது, இரண்டு வாரம் காயட்டும் என்றார். நேற்றுக் காலை பட்டறைக்கே போய்ச் சண்டை பிடித்தாள்.

"உங்க தம்பியா இருந்தா இந்நேரம் முடிச்சுக் கையில கொடுத்திருப்பார்."

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஈரக் கிண்ணத்தை எடுத்துச் சக்கில் வைத்து, பம்பைப் போட்டார். அவள் திரும்பியபோது கொழுந்தன் தோளில் பலகையோடு கதவருகே நின்றிருந்தான்.

அரை மணி நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. கிண்ணம் பிய்த்துக்கொண்டு வந்து அவர் நெற்றிப்பொட்டில் அடித்திருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமியார் மிஷின் கதையைச் சொன்னாள். கேட்டவர்கள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் இவள் அவன் வாயைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவே இல்லை.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவன் சமையலறை வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். கொடுத்தாள்.

"ஏன் தம்பி ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?"

"சொன்னா அண்ணன் எந்திரிச்சு வரப் போறாரா அண்ணி?" குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "வேணாம்ணான்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்க சொன்னதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு நின்னேன்."

அவன் போய்விட்டான்.

மாமியாரை வற்புறுத்தித் தட்டின் முன் உட்காரவைத்தாள். கிழவி இரண்டு வாய் தின்றுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனைச் சாப்பிடக் கூப்பிடாதே. எனக்கு இனிமே நீதான் புள்ளை."

நடந்ததைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மாமியார் பிடியை விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா அத்தை?" என்று கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே, பட்டறைப் படியில் கொழுந்தன் இந்தப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் அவனைக் கூப்பிடவில்லை; மீதிச் சோற்றை மூடி, மூடியின் மேல் கரண்டியை வைத்தாள்.