தெலிமாவிடம் போய்ச் சேர்ந்த மகள்

ஒதீல் முதலில் மறந்தது தன் கல்யாணத்தை. மறுநாள் காலையில் அது கார் பட்டறை வைத்திருந்த குஸ்தாவுக்கு நினைவு வந்தது. வண்டிக்கு அடியில் படுத்திருந்தவன் எழுந்து வந்து, வெள்ளைச் செருப்பு குதிகாலைக் கடித்ததையும், மாப்பிள்ளைமேல் மீன் வாடை அடித்ததையும், அப்படியும் அவனைப் பிடித்துப்போனதையும் நின்றவர்களிடம் சொன்னான். செயின்ட் மேரி குடாவில் யாரும் இதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு துறையில் அவிழ்ந்த படகு இன்னொரு துறையில் ஒதுங்குவதில்லையா, அதுபோல்தான் இதுவும். அடுத்து அப்பா ஃபிதேல் பனியில் நடந்தே போய்ப் பாதிரியாரை அழைத்து வந்தது தபால்காரிக்குப் போனது. தாத்தா மக்சீம் பசுவைப் படகில் ஏற்றிக் கடத்திய கதை ரொட்டிக்கடைக்குப் போனது. ஒதீலுக்கு ஏதும் மிஞ்சவில்லை.

யாரைப் பார்த்தாலும் முதலில் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிற ஊர் அது. கடைசிப் பனிக்காலத்தில் ஒதீல், பெற்ற மகள் செலியிடமே அதைக் கேட்டாள். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?"

"மக்சீமோட ஃபிதேலோட ஒதீலோட செலிம்மா."

"அந்த ஒதீலை எனக்கு நல்லாத் தெரியுமே. அவளுக்குப் பொண்ணே கிடையாது."

செலி அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி முடித்துவிட்டு, கொட்டகைக்குப் போய் அழுதாள்.

ஒதீலின் அடக்கம் முடிந்ததும், அம்மா மறந்தவற்றைக் கேட்டு வாங்க செலி வீடு வீடாகக் கிளம்பினாள். வெறுங்கையோடு போய்ச் சேதி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, கோழியோடு சுட்டெடுத்த ராப்யூர் தட்டும் கையுமாகப் போனாள். ஒன்றுவிட்ட அக்கா மகள் உண்டாகியிருப்பதைச் சொன்னாள், அடக்கத்தில் யார் அழுவதாகப் பாவனை செய்தார்கள் என்பதையும் சொன்னாள். பதிலுக்கு மூதாதைகளை வாங்கிக்கொண்டு வந்து, பாஸ்டனில் இருக்கும் அண்ணனுக்கு ஃபோனில் ஒப்பித்தாள். அண்ணனின் குழந்தைப் பருவம் பாதிரியாரிடம் பத்திரமாக இருந்தது. ஆனால் செலி மட்டும் யாரிடமும் இல்லை. அம்மா தன்னைக் கடலில் போட்டுவிட்டாளோ என்று, இன்னும் போகாத வீடுகளை விரல்விட்டு எண்ணினாள்.

மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டுத் தெலிமாதான். மாதா திருவிழாவில் ஒதீலின் ராப்யூரில் உப்பு பத்தவில்லை என்று ஊரறியச் சொன்னவள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்திருந்தது. கதவைத் திறந்ததும் தெலிமா செலியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொப்பி எங்கடீ? காதுல குளிர் பட்டா உனக்குச் சேராதுன்னு எத்தனை தடவை சொல்றது!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை, நான் உங்ககிட்டயா இருக்கேன்?"

"போன பனிக்காலத்திலேர்ந்து. நாலு தடிப்பயல்களைப் பெத்தவ நான், திடீர்னு ஒரு பொண்ணு. நீ வேலைக்குப் போய்த் திரும்புற வரைக்கும் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். சண்டைக்காரி மகளாச்சே, எந்த மூஞ்சியோட சொல்றது?"

"அம்மா என்னைத் தூக்கிப் போட்டுட்டாளா?"

"லூசு! எல்லாத்தையும் விட்டுட்டா, உன்னை மட்டும் கடைசி வரைக்கும் விடல. தன் பேரே அவளுக்கு மறந்துபோனப்புறம்தான் நீ என்கிட்ட வந்தே. ஒரேடியா, மூச்சு முட்ட." தெலிமா தட்டை வாங்கி நின்றபடியே ஒரு வாய் தின்றாள். "உப்பு பத்தல. அப்படியே உங்கம்மா கைப்பக்குவம்."

அதன்பின் ஞாயிறுதோறும் செலி அங்கேதான் திட்டு வாங்கினாள். நன்றாகவே இருந்தது. வருஷங்கள் போயின. தெலிமாவும் மறக்கத் தொடங்கினாள். அவளுடைய நான்கு பையன்களும் ஊரில் ஆளுக்கொரு தலையில் குடியேறினார்கள்.

ஒருநாள் காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது, ஒரு பெண் குழந்தையைப் பெற்றது செலிக்கு நினைவு வந்தது. வெளியே பனி கொட்டியது, மருத்துவச்சி வரத் தாமதம். குழந்தை வெந்த இறால் நிறத்தில் ஊரே கேட்கக் கத்தியது. அதை யாரிடமும் தரமாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்தது கைக்கே தெரிந்தது. அந்தக் குழந்தை தானேதான் என்று தெரிந்ததும் செலிக்குத் தன்மேல் அப்படி ஒரு பிரியம் பொங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டு, ராப்யூர் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்றாள் தெலிமா.

"ஒதீலோட பொண்ணு, அத்தை. இத்தனை நாள் உங்ககிட்ட இருந்தேன். இப்ப என்கிட்ட இருக்கேன்."

தெலிமா தலையாட்டிவிட்டு ஒரு வாய் தின்றாள். உப்பு பத்தவில்லை என்றாள்.