மஞ்சள் கவுனின் வயது

அந்த வீட்டில் துணிக்கு ஒரே சட்டம்தான். புதுசு என்றால் பெரியவளுக்கு. அவளுக்கு இறுக்கமானதும் சின்னவளுக்கு. சின்னவள் பிறந்ததிலிருந்து கடை மடிப்புக் கலையாத துணியைப் போட்டதே இல்லை. அக்கா போட்டது என்றால் அவளுக்கு அதுவே பட்டு. பெரியவளுக்கும் இந்தச் சட்டத்தில் ஏகத் திருப்தி. இருக்காதா பின்னே!

எல்லாவற்றையும் கெடுத்தது பள்ளிக்குப் புதிதாக வந்த அறிவியல் டீச்சர்.

"ஒரு சட்டைக்குப் பின்னால பருத்தி குடிச்ச தண்ணி இருக்கு, ஆத்துல போய்க் கலக்குற சாயத் தண்ணி இருக்கு. நாலு தடவ போட்டுட்டு வீசினா அத்தனையும் வீண். இருக்கறத ரொம்ப நாள் போடறவங்கதான் கெட்டிக்காரங்க" என்று எல்லா வகுப்புகளையும் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னவர், சின்னவளை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் பாவாடையில் மடிப்பைப் பிரித்துவிட்ட பழைய கோடு தெரிந்தது. சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். "இதப் பாருங்க! இதுதான் அழகு" என்றார். கூடமே கைதட்டியது.

பின்வரிசையில் பெரியவள் மொடமொடவென்ற புதுப் பாவாடையில் உட்கார்ந்து பொருமினாள். நான் போட்டுத் தேய்த்த பாவாடைக்கு இவளுக்கென்ன கைதட்டல்?

வெள்ளிக்கிழமை கண்காட்சி என்றார் டீச்சர். பெற்றோரும் வரலாம். வீட்டில் நெடுநாள் உழைத்த துணியைக் கொண்டுவந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். நல்ல கதைக்கு வாசலில் இருக்கும் கண்ணாடி அலமாரியில் இடம்.

அந்த அலமாரி வேண்டும் என்று பெரியவளுக்கு வெறியே வந்துவிட்டது. ஆனால் அவளிடம் பழசு என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை. எல்லாம் தங்கையிடம் போய்விட்டன. போர்வைகளுக்கு அடியிலாவது ஏதாவது கிடைக்காதா என்று அம்மாவின் பீரோவைத் துழாவியபோது மஞ்சள் கவுன் ஒன்று கையில் பட்டது. விலைச்சீட்டுகூடக் கிழிக்காதது. தன்மேல் வைத்துப் பார்த்தாள். இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

சின்னவள் அளவு.

பழசுக்குக் கைதட்டலும் அவளுக்கு, இனிமேல் புதுசும் அவளுக்கா? இதையே பழசாக்கிவிட்டால்?

கதவைச் சாத்திக்கொண்டு குளியலறையில் வேலையில் இறங்கினாள். அம்மா லாண்டரியில் வேலை பார்ப்பவள், வீட்டில் பிளீச்சுக்குப் பஞ்சமில்லை. ஊறவைத்தாள், பிரஷ்ஷால் தேய்த்தாள், ஒரு பொத்தானைப் பிடுங்கி வேறு நிறத்தில் ஒன்றைத் தைத்தாள். மஞ்சள் தண்ணீர் சாக்கடைக்குள் சுழன்று இறங்கியது. டீச்சர் சொன்ன ஆறு ஞாபகம் வந்தும் அவள் கை நிற்கவில்லை.

கண்காட்சியில் அளந்தாள் பாருங்கள் ஒரு கதை! "இது நான் குட்டியா இருந்தப்போ போட்டது. அப்புறம் என் தங்கச்சி போட்டா. நாங்க ரெண்டு பேருமே இதுலதான் வளந்தோம்."

டீச்சர் உருகிப்போனார். சின்னவளைப் பக்கத்தில் இழுத்து, "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

தான் போட்ட ஒவ்வொரு துணியையும் கறையோடு ஞாபகம் வைத்திருப்பவள் அந்தப் பொடிசு. அவள் கவுனைப் பார்த்தாள். அக்காவின் முழியைப் பார்த்தாள்.

"இருக்கு டீச்சர். எனக்கு ரொம்பப் பிடிச்சது இது."

கண்ணாடி அலமாரி கிடைத்துவிட்டது. ஆனாலும் பெரியவளுக்கு ஆறவில்லை. பொய்யைக்கூட இவள் என்னைவிட அழகாகச் சொல்கிறாளே என்று அதற்கும் ஒரு பொறாமை.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள். அலமாரியிலிருந்து கவுனை எடுத்து ஓரத்தை விரலால் நிமிண்டினாள், முகர்ந்தாள். கவுனும் கையுமாகப் பெரியவளை ஒதுக்குப்புறமாக இழுத்துப்போனாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? அவ பிறந்தநாளுக்கு எடுத்தது. ஒரு தடவையாவது அவளுக்குன்னு ஒண்ணு எடுக்கணும்னு ஆசப்பட்டேன்டி."

அம்மாவின் குரல் உடைந்தது. பின்னாலேயே வந்து நின்ற சின்னவளை இருவருமே கவனிக்கவில்லை.

"அம்மா, இது எனக்கா?"

அவள் அம்மா கையிலிருந்த கவுனை எட்டி எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். தோளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, கழுத்தில் பிசிறு. அளவு மட்டும் அப்படியே பொருந்தியது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அக்கா, நீ இதப் போட்டதே இல்லல்ல? நான்தானே முதல்ல?"

பெரியவள் அவள் கழுத்துப் பிசிறை உள்ளே மடித்துவிட்டாள். "ஆமாடி. நீதான் முதல்ல."

சின்னவள் பெருமையாகப் பொத்தானைப் போடப் பார்த்தாள். அக்கா அவசரமாகத் தைத்த பொத்தான் கையோடு வந்துவிட்டது.