பஞ்சாங்கம் சேர்த்த சாஃப்ட்வேர்

கிருமாம்பாக்கத்தில் தணிகைவேல் அண்ணனின் கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதே மண்டபத்தில் என் கல்யாணத்துக்குத் தேதி பதிய முடியாமல் முழிப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஆடி, மார்கழி ஆகாது. மாப்பிள்ளை லியோ பிரகாஷ் வீட்டுக்குத் தவக்காலம் ஆகாது. இரண்டு வீடும் இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டது வைகாசியில் ஒரே ஒரு புதன்கிழமை. அது போனால் பேச்சுவார்த்தை மறுபடி முதலிலிருந்து. வெள்ளிக்கிழமை காலை வருங்கால மாமியார் கிரேஸ் மேரியோடு மண்டபத்துக்கு ஓடினேன். அங்கே செலியமேட்டுப் பாக்யராஜ் எனக்கு முன்பே வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அதே புதன்கிழமை, மகனுக்குக் காதுகுத்து.

"சண்ட வாணாம். கம்ப்யூட்டர்ல யார் பேரு மொதல்ல ஏறுதோ அவங்களுக்குத்தான் மண்டபம்," என்றார் தணிகைவேல். "ஆனா காலையிலேர்ந்து ஒரு பேரும் ஏறல. இன்னா சாஃப்ட்வேர்மா இது?"

சேவ் கொடுத்தால் டேட்டாபேஸ் எரர். காரணம் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ராகு காலமும் காட்ட வேண்டும் என்று அண்ணன் நச்சரித்தாரே என்று, யாரோ எழுதி இணையத்தில் விட்டிருந்த பஞ்சாங்க லைப்ரரியை, அதாவது ஆயத்த புரோகிராம் துண்டை, முந்தைய நாள் சேர்த்திருந்தேன். அது டேட்டாபேஸோடு பேசும் டிரைவரின் பழைய பதிப்பு ஒன்றையும் கூட்டி வந்திருக்கிறது. என் புது டிரைவரை ஓரங்கட்டிவிட்டு அந்தக் கிழம் முன்னால் நின்று பேச, டேட்டாபேஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பஞ்சாங்கத்தத் தூக்கிடட்டுமா அண்ணா?"

"ராகு காலம் பாக்காத சாஃப்ட்வேர் எனக்கு எதுக்கு? உன் வூட்டுக்கே எடுத்துக்கினு போ!"

சரிசெய்தால் பாக்யராஜ் பெயர்தான் முதலில் ஏறும். செய்யாவிட்டால் என் மானம் போகும். வயிற்றெரிச்சலோடு பஞ்சாங்கத்தைத் தனி புரோகிராமாகப் பிரித்து, அதன் டிரைவரை அதனோடே அனுப்பிவைத்தேன். எரர் போனது. கூடவே பஞ்சாங்கமும் உயிர்பெற்று, திரையில் சிவப்பாக எழுதியது: ராகு காலம்.

பாக்யராஜ் அட்வான்ஸோடு நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "பன்னெண்டு ஆவட்டும்பா. புள்ள காது சமாச்சாரம்."

"எங்களுக்கு ராகு காலம் கெடையாது," என்றார் கிரேஸ் மேரி. "எம்புள்ள பேரப் போடு."

"அக்கா, செவப்பு எரியுது! என் கையால மாட்டேன்," என்று தணிகைவேல் எழுந்தே நின்றுவிட்டார். வெட்கக்கேடு, எங்கள் இருவர் பெயரையும் தட்டிவிட்ட என் விரலும் கடைசியில் என்டருக்கு முன்னால் மடங்கிக்கொண்டது. கிரேஸ் மேரி சிலுவை போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் என்டரை ஓங்கிக் குத்தினார். பதிவானது.

"அநியாயம்பா இது!" என்று பாக்யராஜ் துள்ளினார்.

"காது எங்கயும் ஓடிப்போயிடாதுபா. அடுத்த முகூர்த்தத்துல குத்திக்க," என்றார் கிரேஸ் மேரி. எனக்கு அப்போதே அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

அம்மா போனில் கேட்டாள்: "நல்ல நேரம் பாத்துத்தானடி பதிஞ்சீங்க?"

"இத்தவிட நல்ல நேரமே கெடைக்காதும்மா," என்றேன்.