முந்நூறு டிகிரி

விமான நிலையத்தில் அவருக்குப் பல்லக்கு என்று பெயர்.

அவர் ஓட்டும் விமானம் ஓடுபாதைக்குப் போகிற வழியில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் ஒரு சொட்டு தளும்பாது என்று பணிப்பெண்கள் சத்தியம் செய்வார்கள். முச்சந்தியில் இன்னொரு விமானம் குறுக்கே வந்தால் போதும், நிறுத்திவிட்டு மூக்கு விளக்கை அணைத்துவிடுவார். 'நான் நிற்கிறேன், நீங்க போங்க' என்று அதற்கு அர்த்தம். விமானிகளுக்குள் வழக்கத்தில் இருக்கும் மரியாதை. மற்றவர்கள் வாரத்துக்கு ஒருமுறை காட்டும் அந்த மரியாதையைப் பல்லக்கு ஒரே மாலையில் நாலு பேருக்குக் காட்டுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பல்லை நறநறவென்று கடிப்பார்கள்.

இன்று அந்தப் பல்லக்கு முப்பத்து நாலு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல், பறந்துகொண்டிருந்தது. தரையில்.

"சார்," என்றாள் வலது இருக்கையில் இருந்த துணை விமானி. "முப்பத்து நாலு."

"தெரியுதும்மா."

"நேர் பாதைக்கு முப்பதுதான் சார் லிமிட். திருப்பத்துக்குப் பத்து. வேகத்தை மெஷின் எழுதிக்கிட்டே இருக்கும்."

"எழுதட்டும்."

அவள் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். எட்டு மாதமாக அவரோடு பறக்கிறாள். கைக்கடிகாரத்தை ஒரு நாளும் பார்க்காத மனிதர், இன்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். நெற்றியில் வேர்வை வேறு.

கேப்டனின் சட்டைப் பையில் அணைத்து வைத்திருந்த போனில், காலையில் மகனிடமிருந்து வந்த செய்தி ஒன்று இருந்தது. நாலு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் செய்தி.

'ஃபேமிலியோட வெளிநாடு போறோம். ஃப்ளைட் நம்பர் கீழ இருக்கு. திரும்பி வர்றதா இல்ல. ஏர்போர்ட்ல ஆறேகால் வரைக்கும் வெளி ஹால்ல நிப்போம். வந்தா குழந்தையைப் பாக்கலாம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்.'

அப்பா என்று ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். எட்டு மாதப் பேரனை அவர் புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை. யார் ஜாடை என்று கேட்கக்கூட ஆளில்லை.

நாலரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம். சாமான் ஏற்றிவிட்டு ஆள் வராமல்போன ஒரு பயணியின் பெட்டியைத் தேடி இறக்கியதில் பதினொரு நிமிடம் போய்விட்டது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மேலே ஏறினால், ஒரு மணி நேரம் பறந்து, ஆறு பன்னிரண்டுக்கு அவர் மகன் காத்திருக்கும் ஊரின் வெளி ஹாலில் நிற்கலாம். மூன்று நிமிடம் மிச்சம். பேரனைக் கையில் வாங்க மூன்று நிமிடம் போதும் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

திருப்பம் வந்தது. பிரேக்கை மிதித்தார். பத்து. திரும்பியதும் விட்டார். இருபது, முப்பது, முப்பத்து நாலு. அடுத்த திருப்பம். மறுபடி மிதி.

பின்னாலிருந்து போன் ஒலித்தது. தலைமைப் பணிப்பெண்.

"சார், பின்னாடி சேஃப்டி டெமோ ஓடிக்கிட்டிருக்கு. நம்ம பொண்ணு ஒருத்தி மூணாவது வரிசை தாத்தா மடியில உக்காந்துட்டா. தாத்தாவுக்கு சந்தோஷம்தான். பக்கத்துல இருக்கற பாட்டிக்குத்தான் ஆகல."

"சாரிம்மா."

"ஓட்டறது நீங்கதானா சார்?"

அவர் போனை வைத்தார்.

முன்னால் முச்சந்தி. வலது பக்கப் பாதையிலிருந்து இன்னொரு கம்பெனியின் விமானம் வந்துகொண்டிருந்தது. அதன் கேப்டனைத் தாடி என்பார்கள். பல்லக்கோடு ஒரே வகுப்பில் பயிற்சி எடுத்தவன். இரண்டு விமானமும் ஒரே ஓடுபாதைக்கு. டவரிலிருந்து ரேடியோவில் குரல் வந்தது. "ரெண்டு பேர்ல யார் முதல்ல ஜங்ஷனுக்கு வர்றீங்களோ, அவங்க முன்னால போங்க."

தாடி அவசரப்படவில்லை. அவசரப்பட என்ன இருக்கிறது? எதிரே வருவது பல்லக்கு. நிறுத்தி, விளக்கை அணைக்கும். இத்தனை வருடமாக அதுதான் நடக்கிறது.

பல்லக்கின் கை பழக்கதோஷத்தில் விளக்கின் சுவிட்சுக்குத்தான் போனது.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மதியம் இதே கை இப்படித்தான் போயிற்று. மருத்துவமனையில் மனைவி. 'எப்ப வருவாங்க' என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தரையிறங்கி, இடத்துக்குப் போகும் வரிசையில் இவர் விமானம் முதலில் நின்றது. பின்னால் இருந்தவர்களில் ஒருவருக்குப் பணி நேரம் முடியப் போகிறது, இன்னொருவர் விமானத்தில் யாருக்கோ நெஞ்சு வலி லேசாக. இவர் விளக்கை அணைத்து இரண்டு பேருக்கும் வழி விட்டார். இருபத்திரண்டு நிமிடம். மனைவி இருபது நிமிடத்துக்கு முன்பே போய்விட்டாள் என்று வார்டு வாசலில் சொன்னார்கள்.

அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து மகன் போனில் விமானங்களைக் காட்டும் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதில் அப்பா ஒரு மஞ்சள் புள்ளி. அந்தப் புள்ளி நிற்கிறது. இன்னொரு புள்ளி தாண்டிப் போகிறது. மறுபடி நிற்கிறது. இன்னொன்று தாண்டிப் போகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி. "ஊருக்கெல்லாம் வழி விடத் தெரியுது. வீட்டுக்கு வர வழி தெரியலையா?"

கை சுவிட்சிலிருந்து திரும்பி வந்தது. பல்லக்கு எஞ்சின் விசையைத் தள்ளினார்.

விமானம் முச்சந்தியில் பாய்ந்து, தாடியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே வெட்டி, ஒரே மிதியில் திரும்பியது. சக்கரம் முனகியது.

ரேடியோவில் தாடியின் குரல். "என்ன பல்லக்கு, யாருப்பா தூக்கிக்கிட்டு ஓடறாங்க?"

யாரோ சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக முந்தியிருக்கிறார். மணி நாலு ஐம்பத்தைந்து. ஓடுபாதை இதோ இருக்கிறது.

"சார்." துணை விமானியின் குரல் மாறியிருந்தது. "பிரேக்."

அவள் விரல் காட்டிய திரையில் இடது சக்கரத்தின் எண் மஞ்சளாகியிருந்தது. முந்நூற்று நாற்பது.

முந்நூறு டிகிரிக்கு மேல் பிரேக் சூடாக இருந்தால் ஏறக் கூடாது. கொதிக்கும் சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கினால் உள்ளே தீப்பிடிக்கலாம். காலையில் பயிற்சிக்குச் சேர்ந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி. வயிறு நிறைய எரிபொருள், நூற்றெண்பது பேர், முந்தைய தரையிறக்கத்தின் சூடே முழுசாக ஆறாத சக்கரம். அதன்மேல் நாலு திருப்பம், நாலு மிதி. மெதுவாகவே ஓட்டிய மனிதருக்கு இத்தனை வருடத்தில் அந்த எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

"விசிறி?" என்றார், தெரிந்துகொண்டே.

"இந்த விமானத்துல பிரேக் ஃபேன் கிடையாது சார். தானா ஆறணும். அரை மணி ஆகும்."

அவர் டவருக்குச் சொன்னார். ஓரமாக ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஒதுங்கினார். பார்க்கிங் பிரேக்கைப் போடவில்லை. போட்டால் இன்னும் சூடேறும். தட்டையான இடத்தில் விமானம் சும்மா நின்றது.

தாடியின் விமானம் பக்கத்தில் மெல்ல ஊர்ந்து கடந்தது. "என்ன பல்லக்கு, இறக்கி வெச்சுட்டாங்களா?"

"பிரேக் சூடாயிடுச்சு."

"உனக்கா?" தாடியின் குரலில் கேலி போய்விட்டது. "என்னடா ஆச்சு?"

"பையன் வெளிநாடு போறான். ஆறேகாலுக்குள்ள பாக்கணும்."

"அடப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே நின்னிருப்பேனே. முப்பது வருஷமா நீ எனக்கு நிக்கல?"

தாடி ஓடுபாதையில் ஏறினான். நாலு ஐம்பத்தெட்டு. பல்லக்கு ஏற வேண்டிய அதே நிமிடத்தில் அவன் ஏறினான்.

முந்நூற்று முப்பத்தெட்டு. முந்நூற்று முப்பத்தைந்து.

உலகத்தில் இவ்வளவு மெதுவாக ஒரு எண் இறங்குவதை அவர் பார்த்ததில்லை. இரண்டு விமானம் கடந்தது. மூன்றாவது. நாலாவது. யாருக்கும் அவர் விளக்கை அணைக்க வேண்டியிருக்கவில்லை. ஒதுங்கி நிற்பவனிடம் யார் வழி கேட்பார்கள்?

"சார்," என்றாள் துணை விமானி தயங்கித் தயங்கி, "கம்பெனி ரேடியோவுல சொல்லி, உங்க பையனுக்குப் போன் பண்ணச் சொல்லலாமா? கொஞ்சம் நிக்கச் சொல்லி?"

அவர் எண்ணைச் சொன்னார். மனப்பாடம். நாலு வருடமாக அழைக்காத எண்.

முந்நூற்றுப் பதினெட்டு ஆனபோது விமானி அறையிலிருந்த பிரிண்டர் கம்பெனியின் பதிலை ஒரு துண்டுச் சீட்டாகத் துப்பியது. அவள் படித்துவிட்டு, படிக்காததுபோல அவரிடம் நீட்டினாள். 'பேசினோம். விமானம் தாமதம், காரணம் பிரேக் என்று சொன்னோம். "எப்பவும் ஏதாவது ஒண்ணு இருக்கும்" என்றார். வைத்துவிட்டார்.'

அவர் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

ஐந்து இருபத்தாறுக்கு முந்நூறு. இரண்டு நிமிடத்தில் மேலே ஏறினார்கள். சக்கரம் உள்ளே போனது. எதுவும் தீப்பிடிக்கவில்லை.

ஆறு இருபத்தாறுக்குத் தரை தொட்டார்கள். வெளி ஹாலில் இனி யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மனசு இருக்கிறதே, அது கேட்காது. அவன் விமானம் தாமதமாகலாம், பாதுகாப்புச் சோதனையில் நின்றுகொண்டிருக்கலாம், கேப்டன் உடுப்போடு போனால் யாராவது உள்ளே விடலாம் என்று அது பாட்டுக்குக் கணக்குப் போட்டது.

"உங்க இடத்துல வேற விமானம் நிக்குது," என்றாள் இந்த ஊர் டவர்க்காரி. "காலியாகட்டும், அங்கயே நில்லுங்க."

நின்றார். ஆறு நாற்பது. ஆறு ஐம்பது. பயணிகள் எழுந்து பெட்டியை இறக்குகிறார்கள், அதட்டினாலும் உட்காரவில்லை என்று பின்னாலிருந்து புகார் வந்தது. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

ஏழு ஐந்துக்கு அழைப்பு வந்தது. "இடம் காலி. நேரா வாங்க. ஜங்ஷன்ல எதிர்ல ஒரு பெரிய விமானம் வெளிய போகுது, அதை நிக்கச் சொல்லியிருக்கேன். நீங்கதான் முதல்ல. ரொம்ப நேரம் காத்திருந்துட்டீங்க பாவம்."

அந்தப் பெரிய விமானத்தின் எண்ணை டவர்க்காரி சொன்னாள். மகனின் செய்தியில் காலையிலிருந்து அவர் பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன எண் அது.

பல்லக்கு எட்டு நாட் வேகத்தில் போனார். முச்சந்திக்கு முன்னால் நிறுத்தினார். எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு அந்த விமானம் நின்றது. இடைவெளி ஒரு நூறடி இருக்கும். அந்த நூறடிக்கு அப்பால் மகன், மருமகள், யார் ஜாடை என்று தெரியாத ஒரு குழந்தை.

"சார், நமக்குத்தான் க்ளியரன்ஸ்," என்றாள் துணை விமானி.

அவர் அசையவில்லை. இவர் போகாதவரை அதுவும் போகாது. டவர் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. இரண்டு மூக்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இருபது விநாடி. நாற்பது விநாடி. இவர் இப்படியே நின்றால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம்? ராத்திரி முழுக்க?

"ஏன் நிக்கறீங்க, எதாவது பிரச்சினையா?" டவர்க்காரி கேட்டாள். "உங்களுக்குப் பின்னால ரெண்டு பேர் நிக்கறாங்க."

துணை விமானிக்கு அப்போதுதான் புரிந்தது. எதிரே நிற்கும் விமானத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கேப்டன் கையை நீட்டி மூக்கு விளக்கை அணைத்தார்.

"அவங்க போகட்டும்," என்றார் ரேடியோவில்.

"உங்களைத் திருத்தவே முடியாது சார்," என்று டவர்க்காரி சிரித்தாள். குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ரொம்ப நன்றி," என்றது பெரிய விமானத்தின் கேப்டன் குரல். "நல்ல மனசு உங்களுக்கு."

அது அசைந்தது. திரும்பியது. ஜன்னல்கள் வரிசையாக அவர் முகத்துக்கு மேலாக நகர்ந்தன. புறப்படும் நேரம், உள்ளே விளக்குகளைக் குறைத்திருந்தார்கள். முப்பது ஜன்னல் வரை எண்ணினார். ஒன்றிலும் ஒரு முகம் தெரியவில்லை. வால் கடந்ததும் அதன் காற்று இவர் விமானத்தை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போயிற்று. பெரிய விமானத்துக்காரர் நல்ல வேகக்காரர். திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடுபாதையின் வாயில் நின்றார்.

"சார்," என்றாள் துணை விமானி. "லைட்."

அவர் விளக்கைப் போட்டார்.

இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவர் போனை உயிர்ப்பித்தார். இரண்டு செய்தி.

ஆறு பதினாறு: 'உள்ள போறோம்.'

ஏழு எட்டு: 'ஆப்ல பாத்தேன். பக்கத்துல வந்தும் நின்னுட்டீங்க. இப்பவும் வழிதான் விட்டீங்க.'

அவர் அந்த எண்ணை அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அழைத்தார். அதே பெண், அதே மரியாதை.

கதவு திறந்தது. பயணிகள் இறங்கத் தொடங்கினார்கள். மூன்றாவது வரிசைத் தாத்தா விமானி அறை வாசலில் எட்டிப்பார்த்து, "கிளம்பறப்ப தூக்கிப் போட்டீங்க, வந்து சேர்றப்ப தாலாட்டிட்டீங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துணை விமானி பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து வழக்கம்போல ஒவ்வொன்றாகப் படித்தாள். எரிபொருள். எண்ணெய். கடைசியாகப் பிரேக்.

"நூற்றுப் பத்து சார்," என்றாள், அவர் பக்கம் திரும்பாமல். "நல்லா ஆறிடுச்சு. எப்ப வேணா கிளம்பலாம்."