டெரிக் கண்டுபிடித்த வளையம்

இறந்துபோன கணவர் இக்னேஷியஸின் வலது காலில் வெள்ளைக் காலுறையை மாட்டினாள் ஃப்ளோரன்ஸ். பிடிக்கச் சதை இல்லாமல் அது நழுவி இறங்கியது. மறுபடி இழுத்துவிட்டபோதுதான் வாசலில் கொழுந்தன் டெரிக் ஆரம்பித்துவிட்டது காதில் விழுந்தது. சாவு வீட்டிலாவது அவன் வாய் சும்மா இருக்குமா? ஷாமியானாவுக்கு அடியில் நாற்காலி போட்டுக்கொண்டு ராயபுரத்துக்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

"பூமிய சுத்தி ரேடியேஷன் பெல்ட்டு கீது மாமு. உள்ள பூந்தா மன்சன் கருகிடுவான். நிலாவுக்குப் போனாங்களாம், வந்தாங்களாம்! எல்லாம் டுபாக்கூரு."

எந்த வீடியோவில் பார்த்தானோ, சனியன். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டானா? அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதினான். ராக்கெட்டே தாங்காத ரேடியேஷனை உன் கழுத்து தாங்குமா என்றான். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கிய கிரேன் ஆபரேட்டர் இக்னேஷியஸ், அந்த அரைவேக்காட்டுப் பேச்சுக்குப் பயந்து, கரண்ட் என்று சொல்லும் ரேடியேஷன் சிகிச்சையை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று படுத்துவிட்டார்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அந்த வளையம் நிஜந்தான், ஆனால் நிலாவுக்குப் போனவர்கள் அதில் அடர்ந்த இடத்தை ஒதுக்கி ஓரமாக, வேகமாகத் தாண்டிப் போனார்கள் என்றார். எவ்வளவு, எத்தனை நேரம் என்பதுதான் விஷயம், உங்களுக்கும் அளந்துதான் கொடுப்போம், குணமாக்கலாம் என்றார்.

வீட்டில் ஃப்ளோரன்ஸும் மன்றாடினாள். "கொருக்குப்பேட்டைல தெனம் தண்டவாளத்த தாண்டிப் போறோமே, அதுலயேவா படுத்துக்கினு கீறோம்?"

"டெரிக்கு நாலு விசயம் தெரிஞ்சவன்டி" என்றார் அவர். கடைசியில் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

ஃபாதர் ஜெபித்து முடித்தார். பெட்டியை மூடினார்கள். தூக்குவதற்கு நாலு பேர் வந்தார்கள். முன்மூலைக் கைப்பிடியை டெரிக் பிடித்தான். கண்ணில் தண்ணீர் வேறு.

"கைய எடு" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"அண்ணி, எங்கண்ணன் நல்லதுக்குத்தான் அண்ணி சொன்னேன்."

"தெரியும். அதான் செருப்பால அடிக்காம வுட்டு வெச்சிகீறேன். தள்ளு."

டெரிக் ஒதுங்கினான். அந்த மூலைக்கு வேறு யாரும் வரவில்லை. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"நீ வுடும்மா, ரொம்ப வெயிட்டா இருக்கும்" என்றார் அடுத்த மூலையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு பாலகணேஷ்.

அவள் கைப்பிடியை இறுகப் பற்றினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினாள். எதிர்பார்த்த கனம் பெட்டியில் இல்லை; மற்ற மூன்று மூலைகளையும்விட அவள் மூலை உயரே போய்விட்டது.